நாட்பட்ட வயிற்றுக் கோளாறு: குசினியில் செய்யக்கூடியவை

யாழ்ப்பாணத்து அளவெட்டிச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் விளைகின்றன. இவை இரண்டும் இல்லாமல் எங்கள் வீடுகளில் ஒரு கறியும் அடுப்பேறுவதில்லை. அதனால் ஒருவருக்கு வயிறு நாட்பட்டுக் கெட்டுப்போனால், அவருக்கு என்னத்தைச் சமைப்பது என்று வீடே திகைக்கிறது. நெஞ்செரிவு, புளிச்ச ஏவறை, சாப்பிட்ட கையோடு பொருமல், ஒரு கிழமை மலச்சிக்கல், மறுகிழமை வயிற்றோட்டம் என்று ஆண்டுக்கணக்கில் இழுபடுகிறவர்களிடம் "என்ன சாப்பிடுறியள்?" என்று கேட்டுப் பாருங்கள். எதையெதைச் சாப்பிடுவதில்லை என்றுதான் சொல்லத் தொடங்குவார்கள். பாண் இல்லை, பருப்பு இல்லை, பால் இல்லை, பழம் இல்லை.

அந்தப் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு நீள்வதுதான் எனக்குக் கவலை. பத்தியம் என்றால் விலக்குவது எங்களுக்குக் கைவந்த விஷயம். விலக்கியதைத் திரும்பச் சேர்க்கும் முறையை யாரும் சொல்லித்தருவதில்லை. அதனால் வயிறும் ஆறாமல் உடம்பும் மெலிந்து போகிறது. இந்தக் குறிப்புகளை அந்த எண்ணத்தோடுதான் எழுதுகிறேன்.

1. முதலில் நோயின் பெயரைக் கேட்டு வாருங்கள். தொப்புளுக்கு மேலே வரும் எந்த வலிக்கும் ஊரில் "காஸ்ரிக்" என்ற ஒரே பெயர்தான். அந்தப் பெயருக்குள் இரைப்பைப் புண் இருக்கலாம், அமிலம் மேலேறும் நோய் இருக்கலாம், பித்தப்பைக் கல் இருக்கலாம். சில வேளை இருதய வலியே இருக்கலாம். ஒன்றுக்கு ஒத்துவரும் சாப்பாடு மற்றதற்கு ஒத்துவராது. காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் இரத்தம், கன்னங்கரேல் என்று ஒட்டும் மலம், விழுங்கும்போது தடக்குவது, ஓயாத சத்தி, இரத்தச்சோகை, நித்திரையைக் குழப்பும் வலி, 50 வயதுக்குமேல் புதிதாக மலப்பழக்கம் மாறுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள். பீற்றூட் சாப்பிட்ட மறுநாள் மலம் சிவக்கலாம், இரும்புச்சத்துக் குளிசை கறுப்பாக்கும். இந்த இரண்டும் இல்லாமல் நிறம் மாறினால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம்.

தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை எங்களுக்குக் கிட்டத்தான் இருக்கிறது. அங்குள்ள புற்றுநோய் வைத்தியசாலை, 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை மக்கள் நடந்து திரட்டிய நிதியில் எழுந்தது. அந்தப் பெயருக்குப் பயந்து தெல்லிப்பழைப் பக்கமே போகாதவர்கள் இருக்கிறார்கள். போனால் பலருக்கு அது புற்றுநோயே இல்லை என்று தெரியவரும். அப்படி இருந்தாலும், நேரத்துக்குப் பிடித்தால் மாற்றக்கூடிய நோயைப் பிந்தவிடாமல் ஆளைக் காப்பாற்றலாம்.

2. புண்ணுக்கு மிளகாய்தான் காரணம் என்று நினைக்காதீர்கள். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பரி மார்ஷலும் றொபின் வொறனும் 1982இல் ஹெலிக்கோபக்ரர் பைலோரி என்ற பக்ரீறியாவை இரைப்பையிலிருந்து எடுத்து வளர்த்துக் காட்டினார்கள். 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் வரும் புண்களில் பெரும்பாலானவை அந்தக் கிருமியாலோ வலிக்குளிசையாலோ வருபவை. கிருமி இருந்தால் பொதுவாக இரண்டு கிழமை மருந்து தருவார்கள். நாலாம் நாள் வலி குறைந்ததும் மிச்சக் குளிசைகளை அலுமாரியில் வைத்துவிடுகிறோமே, அங்கேதான் நோய் திரும்புகிறது.

வலிக்குளிசைக் கதை எங்கள் தோட்டங்களில் நாள்தோறும் நடப்பது. வெங்காயம் நடும்போதும் கிண்டும்போதும் விடியற்காலையிலிருந்து குந்தியிருந்தே வேலை. பத்து மணிக்கு முதுகு நிமிராது. பார்மசியில் சீட்டு இல்லாமல் வாங்கிய டைக்ளோபெனக்கை வெறும் தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டு அடுத்த பாத்திக்குப் போவார்கள். வயிற்று நோயோடு இருப்பவர் இதைச் செய்யவே கூடாது. உடம்பு வலிக்குப் பரசிற்றமோல் வயிற்றைப் புண்ணாக்காது, அளவுக்கு மிஞ்சாமல் எடுக்கலாம். இருதயத்துக்கென்று அஸ்பிரின் எடுப்பவர் அதைத் தானாக நிறுத்தக் கூடாது. வயிற்றில் எரிவு இருப்பதைக் கிளினிக்கில் சொல்லுங்கள், காவல் மருந்து தருவார்கள்.

3. ஒரு அப்பியாசக் கொப்பி வாங்குங்கள். சாப்பிட்ட நேரம், சாப்பிட்ட சாமான், எவ்வளவு, அதற்குப்பின் என்ன உபாதை, எத்தனை மணிக்கு, அன்று மலம் எப்படி என்று எழுதுங்கள். "கறி சோறு" என்று எழுதினால் பயனில்லை. "சோறு ஒரு கோப்பை, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு இரண்டு கரண்டி, பொரித்த மிளகாய் இரண்டு" என்று எழுத வேண்டும். இரண்டு கிழமை எழுதினால் நீங்கள் ஆண்டுக்கணக்காகச் சந்தேகப்பட்ட சாமானில் குற்றமே இல்லை என்பது தெரியவரலாம். நித்திரை குறைந்த நாள், பரீட்சை, வழக்கு, மரணவீடு என்பவற்றையும் ஓரத்தில் குறியுங்கள்.

4. கறித்தூளை வீட்டில் வறுத்து மில்லில் கொடுத்து அரைப்பிக்கிறவர்கள், வயிற்று நோயாளருக்கென்று இன்னொரு போத்தல் தூள் வைத்திருப்பது நல்லது. மல்லி அரைக் கிலோ, செத்தல் மிளகாய் 50 கிராம், நற்சீரகம் 50 கிராம், மிளகு 25 கிராம், மஞ்சள் ஒரு துண்டு, கறிவேப்பிலை ஒரு பிடி. கருகவிடாமல் நன்றாக வாசம் வரும்வரை வறுத்து அரைப்பியுங்கள். நிறம் வெளிறித்தான் இருக்கும். மணத்தில் குறையில்லை. நெஞ்செரிவு கூடிய காலத்தில் மிளகையும் விட்டுவிடலாம்.

ஒரே வீட்டில் இரண்டு சமையல் செய்ய எல்லோராலும் முடியாது. கத்தரிக்காயோ பூசினிக்காயோ மீனோ, முதலில் உப்பு, மஞ்சள், இந்த மெல்லிய தூள் போட்டு அவிய விடுங்கள். அவிந்ததும் நோயாளருக்கு ஒரு சின்னச் சட்டியில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் வழமையான தூளும் புளியும் விட்டுக் கொதிக்கவையுங்கள். இப்படி எடுத்துவைத்த கறியை எல்லோரோடும் இருந்து சாப்பிடுகிறவருக்கு, தனக்கென்று ஒரு மூலையில் கஞ்சி வைக்கிறார்கள் என்ற மனக்குறை வராது. மனக்குறை இருந்தால் சாப்பாடு இறங்காது.

5. வெங்காயம், உள்ளி. குடலில் புண்ணோ அழற்சியோ எதுவும் இல்லை என்று சோதனைகள் சொல்லியும் பொருமலும் வலியும் விடாதவர்கள் உண்டு. ஐ.பி.எஸ். என்று வைத்தியர்கள் எழுதும் கோளாறு இது. இவர்களில் பலருக்கு முதல் எதிரி வெங்காயம்தான். அதில் உள்ள பிரக்ரான் என்ற மாச்சத்தை யாருடைய சிறுகுடலும் சமிபாடடையச் செய்வதில்லை. அது பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பக்ரீறியாக்களால் நொதித்து வாயுவாகிறது. மற்றவர்களுக்கு அந்த வாயு பெரிதாகத் தெரிவதில்லை. இவர்களுக்குக் குடல் நரம்புகள் கூர்மையாக இருப்பதால் அதுவே வலியாகிறது.

வெங்காயம் விளைவிக்கும் ஊரில் வெங்காயத்தை விடு என்று சொல்வது கொடுமைதான். வாசத்தையாவது காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது. பிரக்ரான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே இரண்டாகப் பிளந்த வெங்காயத்தையும் முழு உள்ளிப் பல்லையும் நல்லெண்ணெயில் மெல்லிய நெருப்பில் பொன்னிறமாகும்வரை பொரித்து, ஒன்றும் மிஞ்சாமல் கரண்டியால் அள்ளி எடுத்துவிடுங்கள். அந்த எண்ணெயில் கடுகு, சீரகம், கறிவேப்பிலை தாளித்துக் கறியில் கொட்டுங்கள். வாசம் முழுக்க வந்துவிடும். சொதிக்குள் வெங்காயத்தைப் போட்டு அவித்துவிட்டு எடுத்தால் இது நடக்காது. சொதித் தண்ணீருக்குள் எல்லாம் இறங்கியிருக்கும். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியை நறுக்கிப் போடலாம், அடியில் உள்ள வெள்ளைப் பகுதியை விடுங்கள். உள்ளி பொரித்த எண்ணெயை அன்றன்றைக்கே பாவித்து முடியுங்கள். போத்தலில் அடைத்து வெளியில் வைத்தால் ஆளைக் கொல்லக்கூடிய நஞ்சு அதில் உருவாகலாம்.

6. விலக்குவதற்கு ஒரு கால எல்லை வையுங்கள். ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்காக மெல்பேர்னில் உள்ள மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு உணவுமுறையை வகுத்தார்கள். இன்று உலகமெங்கும் வைத்தியர்கள் அதைச் சொல்கிறார்கள். குடலில் நொதிக்கும் உணவுகளை இரண்டு முதல் ஆறு கிழமைவரை மட்டும் குறைத்துச் சாப்பிடுவது முதற்படி. வெங்காயம், உள்ளி, கோதுமை, பால், கடலை வகை, பலாப்பழம், மாம்பழம் என்பவை அந்தக் காலத்தில் ஒதுங்கி நிற்கும். சோறு, அரிசிமாப் பிட்டு, இடியப்பம், குரக்கன், மீன், முட்டை, கரட், கத்தரிக்காய், வெண்டிக்காய், பப்பாசிப்பழம் என்று எங்களுக்கு மிச்சம் நிறையவே இருக்கிறது.

எங்களவர்கள் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். வயிறு அடங்கிவிட்டது, இனி ஆயுளுக்கும் இப்படியே இருப்போம் என்று. அது பிழை. இரண்டாம் படிதான் முக்கியமானது. விலக்கியவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து மூன்று நாட்கள் சோதிக்க வேண்டும். வெங்காயம் என்றால் முதல் நாள் ஒரு சின்ன வெங்காயத்தில் பாதி, மறுநாள் ஒன்று, அடுத்த நாள் இரண்டு மூன்று. கொப்பியில் எழுதுங்கள். தாங்கியதா, அந்த அளவில் அது உங்கள் சாப்பாட்டுக்குத் திரும்பட்டும். தாங்கவில்லையா, சில மாதங்கள் கழித்து இன்னொருமுறை பாருங்கள். இரண்டு நாள் வயிறு ஆறியபின் அடுத்த சாமானுக்குப் போங்கள். இரண்டு சாமானை ஒரே நாளில் சோதித்தால் எது குற்றவாளி என்று சொல்ல முடியாது. இப்படிப் பார்த்து முடித்தால், கைவிட வேண்டியவை இரண்டோ மூன்றோதான் என்று அனேகருக்குத் தெரியவரும். அவற்றிலும் கொஞ்சம் சாப்பிடலாம், கூடச் சாப்பிடக் கூடாது என்பதுதான் பெரும்பாலும் முடிவாக இருக்கும். பிள்ளைகளும், கர்ப்பிணிகளும், ஏற்கெனவே மெலிந்தவர்களும் இதை வைத்தியரிடமோ போசணை ஆலோசகரிடமோ கேட்காமல் தொடங்க வேண்டாம்.

7. பிட்டில் என்ன மா என்று கேளுங்கள். அரிசிமாவோடு அவித்த கோதுமை மாவைக் கலந்து குழைப்பது இங்கே வழமை. கடை இடியப்பத்திலும் கலப்பு இருக்கும். "நான் பாணைத் தொடுறதேயில்லை, ஆனாலும் வயிறு ஊதுது" என்பவர்கள் இரவுப் பிட்டைக் கவனிக்க வேண்டும். வறுத்த சிவப்பரிசி மாவில் மட்டும் குழைத்த பிட்டு சற்று உதிரும். கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் சரிவரும். ஆனால் கோதுமையை முற்றாக விடுவதற்குமுன் சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோதுமையை விட்டபின் செய்தால் அந்தப் பரிசோதனை பிழையான விடையைத் தரும்.

8. சொதிக்கு இரண்டாம் பால், மூன்றாம் பால் போதும். தேங்காயின் முதற்பாலில் கொழுப்பு கூட. கொழுப்பு இரைப்பையில் நெடுநேரம் தங்கும், அமிலம் மேலேறவும் வழிசெய்யும். பித்தப்பைக் கல் உள்ளவர்களுக்கு வலது விலாவின் கீழே பிடிக்கும் வலி, முதற்பால் கறியும் பொரியலும் சேர்ந்த சாப்பாட்டுக்குப்பின் வருவதைக் கொப்பி காட்டிக்கொடுக்கும். புளிக்குப் பதில் இறக்கியபின் சில துளி தேசிக்காய். எரிவு கடுமையாக இருந்தால் அதுவும் வேண்டாம்.

9. பருப்பு, பயறு, கடலை, கௌபி எல்லாவற்றையும் இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவியுங்கள். வாயுவை உண்டாக்கும் மாச்சத்தில் ஒரு பங்கு அதோடு போய்விடும். மரக்கறிக்காரர் பருப்பை அடியோடு விட்டால் புரதத்துக்கு எங்கே போவது? இரண்டு கரண்டியில் தொடங்குங்கள்.

10. பால்மா தேத்தண்ணி குடித்த அரைமணியில் வயிறு இரைந்தால், அது லக்ரோஸ் தாங்காமையாக இருக்கலாம். உலகில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பாலில் உள்ள இந்தச் சீனியைச் சமிபாடடையச் செய்யும் ஆற்றல் குறைவு. இதை நோய் என்றே சொல்ல முடியாது. இரண்டு கிழமை பாலை நிறுத்திப் பாருங்கள். தயிரும் மோரும் பலருக்கு ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் புளிக்கும்போது லக்ரோஸ் குறைகிறது. பாலை விட்டவர்கள் சுண்ணாம்புச்சத்துக்கு நெத்தலியை முள்ளோடு சாப்பிடலாம். குரக்கன், எள்ளு, முருங்கையிலை வறை இவற்றிலும் உண்டு.

11. விடியற்புறம் இறைப்புக்குப் போகிறவர்கள் சாயம் கூடிய தேத்தண்ணி ஒன்றோடு கிளம்பி, முதற்சாப்பாட்டைப் பத்து மணிக்குச் சாப்பிடுவார்கள். நெஞ்செரிவுக்காரருக்கு இது ஆகாது. முதல்நாள் அவித்த இரண்டு இடியப்பம், ஒரு துண்டு அவித்த மரவள்ளி, அரைக்கனிவில் ஒரு இதரை வாழைப்பழம், எதையாவது வாயில் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடியுங்கள். மரவள்ளியை மூடாமல், நிறையத் தண்ணீரில் அவித்து, தண்ணீரை வடித்துவிட வேண்டும். ஒமெப்பிரசோல் எழுதித் தந்திருந்தால் அதைச் சாப்பாட்டுக்கு அரை மணிக்குமுன் எடுத்தால்தான் வேலை செய்யும். சாப்பிட்டபின் எடுத்துவிட்டு, மருந்து பிடிக்கவில்லை என்று சொல்லக் கூடாது.

12. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் இருக்கட்டும். இந்த ஊரில் இதைச் சொல்லும்போது மேளகாரர்களை நினைக்காமல் இருக்க முடியாது. தவில் மேதை தெட்சணாமூர்த்தியும் நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதனும் வாழ்ந்த ஊர் இது. இன்றும் திருவிழாக் காலத்தில் எங்கள் கலைஞர்கள் கோயிலுக்குக் கோயில் ஓடி, நடுச்சாமம் தாண்டித்தான் இலையில் குந்துகிறார்கள். நிறைந்த வயிற்றோடு வாசித்தாலும் கஷ்டம், பசியோடு வாசித்தாலும் கஷ்டம், பசித்துப்போய்ச் சாப்பிட்டு உடனே படுத்தால் இரவெல்லாம் நெஞ்சு எரியும். கச்சேரிக்கு இரண்டு மணி நேரம் முன் சோறு, மீன் அல்லது பருப்பு என்று நேரான சாப்பாடு. முடிந்தபின் இரண்டு இடியப்பமும் சொதியும், அல்லது உப்புக் கஞ்சி. இப்படி மாற்றிக்கொள்ளலாம். சேவைக்கு அழைக்கும் கோயில்காரரும் அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் பார்த்து ஒழுங்கு செய்ய வேண்டும்.

படுக்கும்போது தலையணையை அடுக்கினால் கழுத்துத்தான் வளையும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டின் கீழும் கல்லோ பலகையோ வைத்து 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயர்த்துங்கள். இடப்பக்கம் சரிந்து படுத்தால் அமிலம் மேலேறுவது குறையும்.

13. விரதம். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் இளநீரோடு இருந்துவிட்டு, பாறணையன்று வடை, பாயசம், பொரியல் என்று ஒரே மூச்சில் சாப்பிடுவதால்தான் பலர் படுக்கிறார்கள். பாறணையைக் கஞ்சியில் தொடங்கி, ஒரு மணி கழித்துச் சோறும் ஒரு மரக்கறியும், பொரியல்களை மறுநாளைக்கு என்று பிரித்துக்கொள்ளலாம். புண் உள்ளவர்களும் நீரிழிவுக்காரரும் முழு உபவாசம் இருக்க வேண்டாம். ஒருபொழுது இருந்தாலும் எங்கள் ஊர்க் கும்பழாவளைப் பிள்ளையார் குறைவிளங்க மாட்டார்.

14. மலச்சிக்கலுக்கு நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டக் கூடாது. கூட்டினால் பொருமல்தான் மிஞ்சும். ஒரு கிழமைக்கு ஒரு மாற்றம் செய்யுங்கள்: வெள்ளைப் பச்சையரிசிக்குப் பதில் சிவப்புப் புழுங்கலரிசி, அடுத்த கிழமை இரவில் குரக்கன் பிட்டு, அதற்கடுத்து நாளுக்கொரு கீரை வறை. முசுட்டை, முருங்கை, சண்டி, பொன்னாங்காணி என்று வேலியே எங்களுக்குத் தருகிறது. இசப்கோல் எடுப்பவர்கள் ஒரு கிளாஸ் தண்ணீரோடு எடுக்க வேண்டும், தண்ணீர் குறைந்தால் இன்னும் இறுகும். காலைச் சாப்பாட்டுக்குப்பின் குடல் தானாகவே அசையும் நேரம். அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்துக்கும் பஸ்ஸுக்கும் ஓடாமல் பத்து நிமிடம் மலகூடத்துக்கு ஒதுக்குங்கள். கொமட் பாவிப்பவர்கள் காலடியில் ஒரு சின்ன வாங்கு வைத்து முழங்காலை உயர்த்தி இருந்தால் இலகுவாகப் போகும். மாதாமாதம் பேதிக்குக் குடிக்கும் பழக்கத்தை விடுங்கள்.

15. வயிற்றாலை போகும் நாட்களில் உப்புப் போட்ட நீர்க்கஞ்சி, குழைந்த சோறு, அவித்த மொந்தன் வாழைக்காய், கரட். ஜீவனி என்ற நீரிழப்புத் தூளைப் பைக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்து, ஒரு நாளுக்குள் முடியுங்கள். சோடாவும் கடை யூசும் சீனியால் ஓட்டத்தைக் கூட்டும். நீரிழிவுக்கு மெற்போமின் எடுப்பவருக்கு நாட்பட்டு வயிற்றாலை போனால் அந்தக் குளிசையும் காரணமாகலாம். நிறுத்தாமல், கிளினிக்கில் கேளுங்கள்.

16. ஒடியற்கூழை ஆசைப்படாத யாழ்ப்பாணத்தவர் யார்? ஆனால் ஒரே சட்டிக்குள் பலாக்கொட்டை, பயித்தங்காய், மரவள்ளி, நண்டு, செத்தல் மிளகாய், பழப்புளி எல்லாம் சேர்வதால் நொந்த வயிற்றுக்கு அது பெரிய சோதனை. பலாக்கொட்டையை விட்டு, மிளகாயைக் கால்வாசியாக்கி, மீனும் றாலும் கீரையும் போட்டு நீர்க்கக் காய்ச்சினால் ஒரு சிரட்டை குடிக்கலாம், மத்தியானத்தில். ஒடியல்மாவைத் தண்ணீரில் கரைத்து ஊறவிட்டு, மேலே தெளிந்த தண்ணீரை ஊற்றிவிடும் பழக்கத்தை அவசரத்தில் கைவிடாதீர்கள். கயர்ப்பு அதோடுதான் போகும்.

17. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடியுங்கள். சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறும் எங்கள் கிணற்றுக்குள் மலகூடக் குழியின் கசிவும் இலகுவாகச் சேரும். ஒருமுறை கடுமையான குடற்தொற்று வந்தபின் ஐ.பி.எஸ். தொடங்குவதும் உண்டு. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். தோட்ட உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். ஆகவே கிணற்றைப் பரிசோதிப்பது பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

18. சாப்பிட்டது சமிக்கும் என்று புகையிலையோடு வெற்றிலை போடுவதை நிறுத்துங்கள். வாயிலும் உணவுக்குழாயிலும் புற்றுநோய்க்கு அது வழி. வாய்க்கு ஏதாவது வேண்டுமென்றால் வறுத்த பெருஞ்சீரகம் ஒரு சிட்டிகை.

19. கைமருந்துகளில் மல்லி, வேர்க்கொம்பு, நற்சீரகம் அவித்த தண்ணீர் பொருமலுக்குச் சுகம் தரும். ஓமத்தண்ணீரும் அப்படியே. இஞ்சி சத்தி குணத்தைக் குறைக்கும், நெஞ்செரிவுள்ள சிலருக்கு எரிவைக் கூட்டும். சித்த வைத்தியம் செய்கிறவர்கள் இங்கிலிஸ் மருந்துகளின் பெயரை அங்கேயும், சூரணத்தின் பெயரை ஆஸ்பத்திரியிலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

20. கலியாண வீட்டில் இலைக்கு முன்னால் இருக்கும்போதுதான் பத்தியக்காரருக்குப் பெரிய சங்கடம். "இதென்ன, ஒண்டும் சாப்பிடேல்லை, கொஞ்சம் போடுறன், ஒண்டும் செய்யாது" என்று கரண்டியோடு வருகிறவர் அன்பினால்தான் வருகிறார். நோயை விளக்கத் தொடங்கினால் நாலு பேர் நாலு மருந்து சொல்வார்கள். சோறும் இரண்டு கறியும் முதலே போட்டு இலையை வெறுமையாக விடாமல் வைத்துக்கொண்டு, "இதை முடிச்சிட்டுக் கேக்கிறன் அண்ணை" என்றால் போதும். பரிமாறுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒருவர் கையால் இலையை மறித்தால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

21. குடலுக்கென்று தனி நரம்பு வலை இருக்கிறது, மூளையோடு அது ஓயாமல் பேசுகிறது. பயமும் துக்கமும் வயிற்றில் வந்து நிற்பது அதனால்தான். 1995இல் போரால் வலிகாமத்தை விட்டு ஓடிய நாட்களையும் அதற்குப் பின்னர் வந்த இழப்புகளையும் வயிற்றுக்குள் சுமப்பவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். "எல்லாம் உன்ரை நினைப்புத்தான்" என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். வலி உண்மையானது. சாப்பாட்டு வேளையில் ரிவியை நிறுத்தி, கடன் கதையையும் காணிக் கதையையும் தள்ளிவைத்து, இருபது நிமிடம் மென்று சாப்பிட இடம் கொடுங்கள். தேவையென்றால் மனநல வைத்தியரிடம் கூட்டிப்போங்கள், குடல் நோய்க்கும் அது மருந்துதான்.

22. மாதம் ஒருமுறை ஒரே தராசில் எடை பார்த்துக் கொப்பியில் குறியுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும், பார்மசியில் தானாக வாங்கியவை உட்பட எல்லாக் குளிசை மட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். மூன்று மாதத்தில் எடை இறங்கிக்கொண்டே போனால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் முன்னரே போய்க் காட்டுங்கள்.